சர்நேம் கட்டத்தில் கவுண்டர் மாமி

கவுண்டர் மாமி கடைக்குள் வந்தால் என்னைப் பார்க்கமாட்டார். சுவரைப் பார்ப்பார். ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே நான் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார். பட்டியல் வருஷத்துக்கு ஒருமுறை மாறினால் அதிகம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் படிப்பார். ஒருநாள் அவருடைய ஆதார் அட்டையை லேமினேஷன் செய்து கொடுத்துவிட்டு விலை சொன்னேன்.

"எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"லேமினேஷன் எழுதலை மாமி. சுவத்துல எடம் இல்லை."

"எழுதாததுக்கு எப்படிடா காசு கேக்கறாய்?"

"சரி, சும்மா எடுத்துட்டுப் போங்க."

"சும்மான்னும் எழுதலையே."

நான் ஒரு துண்டுக் காகிதத்தில் விலை எழுதி ஒட்டும்வரை மாமி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள், மாமியை அல்ல. ஒட்டினதும் படித்தார். படித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். அதில் கோபமோ வெற்றியோ ஒன்றும் இல்லை. எழுதியிருந்தது, கொடுத்தார். அவ்வளவுதான்.

கரமனையில் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் அப்போது எனக்கு அந்தக் கடை இருந்தது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைனில் எந்த விண்ணப்பமானாலும் போட்டுத் தருவது. ரோட்டை அகலமாக்கியபோது கடை போய்விட்டது. நான் பத்தாம் கிளாஸைத் தாண்டாதவன். பெரிய பெரிய படிப்புக்கு விண்ணப்பம் போட வருகிற பையன்களிடம், "நீங்கள்லாம் படிச்சுட்டு வெளிய நிக்கிறீங்க, நான் படிக்காம நேரா உள்ள வந்து உக்காந்துட்டேன்" என்பேன். சிரிப்பார்கள். மாமி சிரித்ததில்லை. "பாஸாகாதவன் விண்ணப்பம் பூர்த்தி பண்ணப்படாதுன்னு எங்கயும் எழுதலை. பண்ணு" என்று எனக்கு அனுமதி கொடுத்தார்.

கரமனை அக்ரஹாரத்தில் மாமிகளுக்கெல்லாம் மாமாவின் உத்தியோகம்தான் பெயர். வக்கீல் மாமி, டாக்டர் மாமி, பேங்க் மாமி. பேங்க் மாமி பேங்க்குக்குள் கால் வைத்திருக்கமாட்டார். தன் வேலையாலேயே பெயர் எடுத்தவர் அந்தத் தெருவில் இவர் ஒருவர்தான். தம்பானூரில் ரயில் டிக்கெட் ரிசர்வேஷன் கவுண்டருக்குள் உட்கார்ந்து, தலை நரைத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றவர்.

அவர் கவுண்டரில் இருந்த காலத்திலேயே எனக்கு அவரைத் தெரியும். எங்கள் அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு ஹோட்டல் வேலைக்கு வந்தவர். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காலையிலிருந்து வரிசையில் நின்று, படிவத்தை உள்ளே நீட்டினோம். போக வேண்டிய இடம் என்ற கட்டத்தில் அப்பா எங்கள் கிராமத்தின் பெயரை எழுதியிருந்தார்.

"இந்த ஊருக்கு ரயில் இல்லை" என்று படிவம் வெளியே வந்தது.

"பக்கத்து ஸ்டேஷன் எதுன்னு பாத்து நீங்களே போட்டுக்கோங்கம்மா" என்றார் அப்பா.

"நான் போடப்படாது. போறது நீங்கள். எழுதிண்டு வாங்கோ."

எழுதிக்கொண்டு திரும்ப வரிசையின் கடைசிக்குப் போய், முன்னே வந்து சேர்ந்தபோது சீட் இல்லை. ஊர் வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனோம். அப்பா வழி முழுக்க அந்த அம்மாளைத் திட்டினார். திட்டி முடித்து, நாகர்கோவில் தாண்டியதும், "ஆனா ஒண்ணு, எனக்கு முன்னாடி நின்ன வேட்டிக்காரர் மந்திரி ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன்னாரு. அவரையும் எழுதிட்டு வரச் சொன்னா" என்றார். அந்த ஒரு சந்தோஷத்தில் மீதி தூரத்தை நின்றே கடந்தார்.

பக்கத்துக் கவுண்டரில் ஓமனாச்சேச்சி, மலையாளி; சேச்சி என்றால் அக்கா. அவர் நேர் எதிர். கண்ணாடியைக் கொண்டுவர மறந்தவர்களுக்குப் படிவத்தை அவரே எழுதிக் கொடுப்பார், வயதைக் கேட்டு அவரே கூட்டிக் கழிப்பார், கைக்குழந்தை உள்ளவர்களைக் கண்ணால் முன்னே கூப்பிடுவார். அதனால் பண்டிகைக் கூட்டம் இல்லாத நாளில் மாமியின் வரிசை சின்னது. சேச்சியின் வரிசை வாசல் வரைக்கும் போகும். மாமியின் கவுண்டரில் அடிபட்டவர்கள் எல்லாம் சேச்சியின் வரிசையில் போய் நிற்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் ஒரே டப்பாவிலிருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். சேச்சி மாமியிடமிருந்து அக்ரஹாரத்துத் தமிழைக் கற்றுக்கொண்டார். மாமி சேச்சியிடமிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் ரயில் போகாத ஒரு ஊருக்குப் போக வேண்டும் என்பது அவர்களுக்குள் வெகுநாள் பேச்சு. ஊர் ஊராக மற்றவர்களை அனுப்பி அலுத்துவிட்டது, இனி தாங்கள் கிளம்ப வேண்டும். துபாய் என்று முடிவானது. அங்கே சொந்தம் யாரும் இல்லை, வேலை ஒன்றும் இல்லை. சும்மா சுற்றிப் பார்க்க. டூரிஸ்ட்.

"கட்டடம் ஏறிப் பார்க்கப் போறோம்டா. மணல்ல வண்டில போறோம்" என்றார் மாமி. மாமி எதையாவது பார்க்க ஆசைப்பட்டுச் சொன்னதை அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பிளாஸ்டிக் உறையிலிருந்து எல்லாம் வெளியே வந்தது. பாஸ்போர்ட், இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் என்று தேதிக்கு நேரே பென்சில் கோடு போட்ட நகலோடு. போக வர டிக்கெட். ஹோட்டல் புக்கிங். பயண இன்சூரன்ஸ். போட்டோ மட்டும் நான் எடுக்க வேண்டும். வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, "கொஞ்சம் சிரிங்க மாமி, துபாய்க்காரன் பயந்துருவான்" என்றேன்.

"சிரிக்கப்படாதுன்னு எழுதியிருக்கு" என்றார். எடுத்த போட்டோவை வாங்கி, உறையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து, தன் முகத்தை மோவாயிலிருந்து உச்சி வரைக்கும் அளந்தார். "முகம் சின்னதா இருக்கு. திரும்ப எடு."

திரும்ப எடுத்தேன். திரும்ப அளந்தார். அதற்குள் ஓமனாச்சேச்சி தன்னுடைய போட்டோவைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிவர வெளியே போயிருந்தார்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு டிராவல் ஏஜென்டிடம் இரண்டு பேருடைய காகிதங்களையும் அனுப்பினேன். சேச்சிக்கு விசா உடனே வந்துவிட்டது. மாமிக்கு வரவில்லை. ஏஜென்ட் போன் செய்தார்.

"இந்த அம்மாவுக்கு சர்நேம் இல்லல்லோ. ஒற்றப் பேரு. இப்போ ஒற்றப் பேருகாருக்கு டூரிஸ்ட் விசா கிட்டில்ல. உங்க தமிழாளுகளெக் கொண்டு பெரிய தொல்லை. ஒரு பேரு வெச்சுட்டு உலகம் சுத்தக் கிளம்பிடும்."

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் பாதி நிஜம். நமக்குப் பெயர் ஒன்று, அதற்கு முன்னால் ஒரு எழுத்து. அந்த எழுத்து அப்பா. பாஸ்போர்ட் படிவத்தில் வெறும் எழுத்தை ஏற்கமாட்டார்கள், விரித்து எழுது என்பார்கள். விரித்து எழுதினவர்கள் அப்பாவை சர்நேம் ஆக்கிக்கொண்டு வெளிநாடு போனார்கள். அங்கே அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, அப்பா எங்கே இங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தார்கள். மாமி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். விடலாம் என்று படிவத்தில் எழுதியிருந்தது.

"தரமாட்டேன்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் மாமி.

அங்கே ஆரம்பித்தது என் கஷ்டம். ஏஜென்டைக் கேட்டேன். எழுதியெல்லாம் வரவில்லை, விமானக் கம்பெனியில் சொன்னார்கள் என்றார். விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். பாட்டுப் போட்டார்கள், பாட்டு முடிந்து, விசா கொடுப்பது நாங்கள் இல்லை, ஏஜென்டைக் கேளுங்கள் என்றார்கள். இன்னொரு ஏஜென்ட், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்றார். மூன்றாமவர், அது போன மாசம், இப்போது போதாது என்றார். நான் இன்டர்நெட்டில் தேடி ஒரு பக்கத்தை மாமிக்குக் காட்டினேன். கூடாது என்று இருந்தது. ஓமனாச்சேச்சி தன் போனில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். கூடும் என்று இருந்தது.

மாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு கவுண்டர்ல ரெண்டு போர்டு வெச்சா, கவுண்டரை மூடிடணும்டா. இவா எப்படித் தொறந்து வெச்சிண்டிருக்கா?"

"நீங்க போய் மூடிட்டு வாங்க மாமி. அதுக்கும் விசா வேணும்."

நேராக நாமே போட்டுப் பார்க்கலாம் என்று ஆன்லைன் விண்ணப்பத்தைத் திறந்தேன். எல்லாக் கட்டமும் ஒழுங்காகப் போயிற்று. சர்நேம் கட்டத்தில் மட்டும் ஒரு சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டு அழுத்தினால் பக்கம் அசையாமல் நின்று, கட்டம் முழுக்கச் சிவந்தது.

"பேரையே ரெண்டு தடவை அடிக்கிறேன் மாமி. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எனக்கு ரெண்டு பேர் கிடையாது."

"ஒரு புள்ளி வைக்கிறேன்."

"புள்ளி என் பேரா?"

"அப்போ நான் என்ன பண்ண?"

"காலியா விடு."

"காலியா விட்டாப் போகமாட்டேங்குதே."

"அப்போ அதுதான் தப்பு. நான் இல்லை."

கம்ப்யூட்டரிடம் போய் இதை யார் சொல்வது. வெளியே வரிசை நீண்டது. சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள் எல்லாம் துபாய் விவகாரத்தில் கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு மேலெல்லாம் எரிந்தது. பயண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, ஹோட்டல்காரன் பணத்தைத் திருப்பமாட்டான். மாமியோ காலியாக விடு, காலியாக விடு என்று கடவுளுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சுலபமான வழி சொல்றேன் மாமி" என்றேன். "அப்பா பேரைச் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட் எடுத்துடுவோம். தட்கால்ல போட்டா டக்குன்னு வந்துரும்."

"வேண்டாம்."

"கடைசிப் பக்கத்துல அவர் பேரு இருக்கத்தானே செய்யுது?"

"கடைசிப் பக்கத்துல இருந்துண்டு போகட்டும். முன் பக்கத்துக்கு வரப்படாது."

"அப்போ மாமா பேரு?"

கேட்டதும் ஓமனாச்சேச்சி என் தோளில் விரலால் ஒரு குத்து வைத்தார். மாமிக்கு அது தெரிந்தது. "விடுடி, கேக்கட்டும். அவன் கேக்காட்டா இந்தக் கட்டம் கேக்கும்" என்றார். பிறகு விலைப்பட்டியல் படிக்கிற அதே குரலில் சொன்னார்.

"கல்யாணம் ஆகி வலியசாலைல இருந்தேன். அங்கேர்ந்து கரமனைக்கு நடந்தே வந்துடுவேன். கன்னத்துல விரல் பதிஞ்சிருக்கும். அப்பா பார்ப்பார். காப்பி குடுக்கச் சொல்லுவார். நான் காப்பி குடிச்சு முடிச்சதும் செருப்பை மாட்டிண்டு, வா போகலாம்னு கூட்டிண்டு போய் மறுபடியும் அங்கயே விட்டுட்டு வருவார். ஒவ்வொரு தடவையும். கடைசில என்னைக் கட்டிண்டவரே ஒருநாள் என்னை வாசலுக்கு வெளில விட்டுக் கதவைச் சாத்தினார். நான் பரீட்சை எழுதி உத்தியோகத்துக்குப் போனேன். ஒருத்தர் கொண்டு விட்டார், ஒருத்தர் வெளில விட்டார். ரெண்டு பேரும் என்னோட துபாய்க்கு வர வேண்டாம்."

என் வாயில் எப்போதும் ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். அன்றைக்கு இருந்ததை விழுங்கிவிட்டேன். சேச்சி விழுங்கவில்லை. அவருக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும். அதனால் அவருக்கு வந்தது கோபம்தான்.

"எடீ, ஒரு பேப்பரல்லே. அச்சன் பேரு எழுதினா அந்த ஆள் எழுந்நேற்று வந்து உன் பக்கத்து சீட்டிலே இருக்குமோ?"

"இருப்பார். ஒவ்வொரு கவுண்டர்லயும் அவர் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவா. நான் எழுந்து நிக்கணும்."

"அப்போ நான் ஒத்தைக்குப் போணுமோ?"

"உனக்கு விசா இருக்கு. போயிட்டு வா."

"உன்னெ விட்டுட்டு நான் அங்கெ எந்து காணான்? கெட்டிடமோ?"

"அதுக்குத்தானே போறோம்னோம்."

சேச்சி அன்றைக்கும் வாங்கிவந்திருந்த பஜ்ஜிப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். மாமி உறைக்குள் காகிதங்களை ஒவ்வொன்றாக, வெளியே வந்த வரிசையிலேயே திரும்ப அடுக்கினார். பயண நாள் வந்தது. போனது. சேச்சியும் போகவில்லை. டிக்கெட்டும் ஹோட்டலும் விசாவும் அப்படியே காலாவதி ஆயின.

அதற்குப் பிறகு நான் பட்டது அதைவிடப் பெரிய அவஸ்தை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். மாமி காலையில் வருவார், சேச்சி சாயங்காலம் வருவார். இரண்டு பேருக்கும் என் கடையில் ஒரு வேலையும் இருக்காது.

"அவள் கரண்டு பில் கட்டினாளோ?" என்பார் மாமி.

"போன் பண்ணிக் கேளுங்க."

"நான் எதுக்குக் கேக்கணும்? உன் கடைலதானே கட்டுவள்."

சாயங்காலம் சேச்சி வந்து, "அவள் சுகர் மாத்திரை வாங்கியோ? சீட்டு ஜெராக்ஸ் எடுக்க வந்நோ?" என்பார்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு விண்ணப்பமாப் போட்டுடுங்க சேச்சி. தகவல் அறியும் உரிமை. நான் முப்பது நாள்ல பதில் தர்றேன்" என்றேன். சிரித்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி இல்லாமல் சிரித்துவிட்டது தப்பு என்பதுபோல.

ஒருநாள் காலையில், மாமியின் நேரத்தில், சேச்சி வந்தார். மாமி ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்து மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். சேச்சி நமஸ்காரம் ஒன்றும் சொல்லவில்லை, சமாதானமும் பேசவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எடீ, நீ என் பேரெ வெச்சுக்கோ."

"என்னது?"

"சர்நேம். அச்சன் வேண்டா, பர்த்தாவு வேண்டா. மதி, போதும். ஓமனான்னு எழுது. எவிடெ அந்தப் பேரெ விளிச்சாலும் நாம ரெண்டாளும் ஒண்ணிச்சு எழுந்நேற்று போகாம்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மாமி, சேச்சி உங்களைப் பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு" என்றேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. மாமி நீட்டிய மருந்துச் சீட்டைத் திரும்ப இழுத்து மடித்தார்.

"அப்படி வெச்சுக்கலாம்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கடைசியில் கேட்டார். குரல் கொஞ்சம் சின்னதாக இருந்தது.

தேடினேன். பெயரை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கொடுத்து, பத்திரிகையில் விளம்பரம் போட்டு, கெசட்டில் வரவைத்தால் தான் விரும்பும் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. யாருடைய பெயர் என்று சொல்லவில்லை. மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கீழே போய்விட்டு மறுபடி மேலே வந்து படித்தார்.

"பிரின்ட் எடு" என்றார்.

வஞ்சியூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரி வக்கீலிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஓமனா ஆரா? அம்மையோ?"

"இல்லை" என்றார் மாமி.

"சேச்சியோ?"

"இல்லை."

"பின்னெ ஆரா?"

"அடுத்த கவுண்டர்."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஓமனாச்சேச்சி வாசலில் நின்றபடி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், காரணம்னு ஒரு எடம் உண்டு. அங்கெ அடுத்த கவுண்டர்னு எழுதான் பற்றில்ல."

"காரணம் எழுதியே ஆகணும்னு இருக்கா?"

வக்கீல் தன் காகிதத்தைத் தானே படித்தார். நிறைய நேரம் படித்தார். "இல்ல" என்றார்.

"அப்போ காலியா விடுங்கோ."

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பத்திரிகை விளம்பரத்தில் ஊர்ப் பெயர் தப்பாக வந்தது, திரும்பப் போட்டோம். கெசட் ஆபீஸில் போட்டோ நகல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், திரும்பப் போனோம். அங்கே வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற ஒருவர் கட்டத்தைப் பூர்த்தி செய்யாமல் வந்திருந்தார்; உள்ளே இருந்தவர் அதைத் திருப்பித் தள்ளினார். மாமி அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். தன்னுடைய விண்ணப்பம் திரும்பி வந்தபோதும் அதே திருப்தியோடு தலையாட்டினார். எனக்குத்தான் மண்டை வெடித்தது. ஒரு மழைக்காலம் முழுக்கப் போய், கெசட் வந்து, புதுப் பெயரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டு, போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரிப்பதற்காகக் காத்திருந்தோம்.

அவர்கள் கடைசியில் துபாய் போய் வந்தார்கள். கட்டடம் ஏறினார்கள். மணலில் வண்டியில் போனபோது சேச்சிக்கு வாந்தி வந்தது. அது வேறு கதை. மாமி என்றதும் என் மனசில் வந்து நிற்பது அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம்தான்.

ஏஜென்ட் போன் செய்தார். விதி இளகிவிட்டது, ஒற்றைப் பெயராக இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் இப்போது விசா தருகிறார்கள் என்றார். நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தேன். ஒரு இடத்தில் அல்ல, பார்த்த இடத்திலெல்லாம் ஒரேபோல எழுதியிருந்தது. பிரின்ட் எடுத்து இரண்டு பேரையும் கடைக்கு வரச் சொன்னேன்.

மாமி கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"பாத்தீங்களா மாமி, இப்போ எல்லா போர்டும் ஒண்ணுதான்" என்றேன். "பழைய பேரே போதும். யாரையும் முன் பக்கத்துல சேர்க்க வேண்டாம். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டா பழைய பாஸ்போர்ட்டுலயே அடுத்த மாசம் போயிடலாம். ஏஜென்ட் டிக்கெட் பாத்து வெச்சிருக்காரு."

ஓமனாச்சேச்சி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "நல்லது. அதான் சௌகர்யம். வெறுதெ ஒரு பேரெச் சுமந்நு நடக்கண்டா" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மாமி பக்கம் திரும்பவில்லை.

மாமி காகிதத்தை நான்காக மடித்தார்.

"வாபஸ் வாங்க வேண்டாம்."

"மாமி, இனி அது தேவையே இல்லை. ரூலே மாறியாச்சு. நீங்களே படிச்சீங்க."

"படிச்சேன்."

"இன்னும் போலீஸ்காரர் வரணும். அவர் வந்து என்ன கேப்பாரோ. பாஸ்போர்ட் அதுக்கப்புறம் வரணும். டிக்கெட்டை மறுபடியும் தள்ளிப் போடணும்."

"தள்ளிப் போடு."

"எதுக்கு? எந்த ரூல்படி?"

இந்தக் கேள்வியை மாமியிடம் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் அப்பாவுக்காகவும் சேர்த்துக் கேட்டேன். மாமி பதிலைத் தேடவில்லை.

"ரூல் ஒண்ணும் இல்லைடா" என்றார். "எனக்கு வேணும்."

சேச்சியின் ஜிப் பாதியில் நின்றது. நான் போனை எடுத்து, அடுத்த மாச டிக்கெட் வேண்டாம் என்று ஏஜென்டிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார்.

"தெரியாது சேட்டா" என்றேன். "மாமிக்கு இப்போ சௌகர்யம் இல்லை."

"எடா, பொய் சொல்லாதே" என்றார் ஓமனாச்சேச்சி. "நேராச் சொல்லு. பேரு மாறிண்டிருக்குன்னு சொல்லு."